ஆராதனைக்குப் பிறகு தேத்தண்ணி, மாதமொரு அன்பின் விருந்து: தோட்டத்துச் சபையில் திரும்பத் தொடங்குவது எப்படி?

டிக்கோயா செயலாளர்

ஸ்தோத்திரம். இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சபை ஒன்றின் நிர்வாகக் குழுவுக்காக இதைக் கேட்கிறேன்.

பதிவில் 60 குடும்பங்கள். ஞாயிறு காலை 9 மணி ஆராதனைக்கு 70, 80 பேர் வருகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தாய்மார், சின்னப் பிள்ளைகள். வாலிபர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில்தான் டியூஷன். ஐயர் (போதகர்) ஒருவரே மூன்று சபைகளைப் பார்ப்பதால் ஆசீர்வாதம் கூறியவுடன் அடுத்த இடத்துக்குப் புறப்பட வேண்டியவராக இருக்கிறார்.

முன்பு ஞாயிறுதோறும் தேத்தண்ணியும் பணிஸும், திருவிருந்து (நற்கருணை) ஞாயிறில் மதியச் சாப்பாடும் இருந்தன. 2020இல் கொரோனாவோடு எல்லாம் நின்றது. 2022இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் திரும்பத் தொடங்கும் பேச்சும் அடங்கிவிட்டது. இப்போது ஆராதனை முடிந்து ஐந்து நிமிடத்தில் முற்றம் காலி. புதிதாக வருகிறவர்கள் இருக்கிறார்கள்: மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் குடும்பம், சிங்களம் மட்டும் பேசும் மருமகள், இந்துவான உறவினர், சில வேளை சுற்றுலாப் பயணிகள். அவர்களோடு யாரும் நின்று பேசுவதில்லை.

தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் அளவு என்ன, செலவை யார் ஏற்பது, வாசலில் பை பார்ப்பதும் வரவேற்பதும் எப்படிச் சேர்ந்து போகும், இந்து உறவினர் வரும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவைதான் கேள்விகள். "சாப்பாடு போடுவது சபையின் வேலை இல்லை, வீட்டில் செய்யட்டும்" என்று மூப்பர் சிலர் சொல்கிறார்கள். அதற்கும் பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மஸ்கெலியா சமையற்கட்டு

அளவை நான் எழுதுகிறேன். முதலில் ஒன்று: தேத்தண்ணியை வாரந்தோறும் வையுங்கள், சாப்பாடு மாதம் ஒருமுறை போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கும் சபைகளில் சமைக்கிற நாலு பெண்கள் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். அவர்கள் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

80 பேருக்கு, கோப்பைக்கு 150 மில்லிலீட்டர் வீதம் 12 லீட்டர் வேண்டும். டஸ்ட் தேயிலை 200 கிராம் தாராளம். 12 லீட்டர் தண்ணீரிலும் தூளைக் கொட்டி அடுப்பிலேயே விட்டுவிடுவதுதான் எங்கும் நடக்கும் பிழை. கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு ஏறும், பிந்தி வருகிறவருக்கு வாயில் வைக்க முடியாது. அதற்குப் பதில் இரண்டரை லீட்டர் கொதிநீரை இறக்கி, தூளை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி உள்ளே போட்டு, 5 நிமிடம் மூடி வைத்துப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். துணியைப் பிழிய வேண்டாம், பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். கோப்பையில் ஆறில் ஒரு பங்கு சாயம், மீதி சுடுதண்ணி. இப்படிச் செய்தால் கடுமையாகக் குடிக்கிறவருக்கும் இளஞ்சாயமாகக் குடிக்கிறவருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றலாம்.

பால் தேத்தண்ணி என்றால் பால்மா 1 கிலோ, அதாவது 400 கிராம் பக்கெற் இரண்டரை. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் குழம்பாகக் கரைத்துக்கொண்டு பிறகு சூட்டில் சேருங்கள். கொதிக்கிற தண்ணீரில் நேரே தட்டினால் கட்டிதட்டும். இஞ்சி 100 கிராம் தட்டிப் போடுவதானால் தனித் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பாலோடு சேர வேண்டும். பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரைத்துவிடும், கொதித்த இஞ்சி திரைக்காது.

சீனியைக் கலக்கவே வேண்டாம். 700 கிராம் வாங்கிக் கிண்ணங்களில் வையுங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பது நம்மவர்களுக்குப் பழக்கம்தான், அதனால் யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் வாரமே கண்டுகொள்வீர்கள்.

தேத்தண்ணியோடு பணிஸ் வாங்குவதைவிட அவித்த கடலை மலிவு, வயிற்றிலும் நிற்கும். காய்ந்த கடலை ஆளுக்கு 50 கிராம் வீதம் 4 கிலோ, அவிந்தால் 8 கிலோவுக்கு மேல் வரும். மலையில் இரண்டு விஷயம் பிழைக்கும். ஒன்று ஊறல்: குளிரில் 12 மணித்தியாலம் தேவை, சனிக்கிழமை மாலை 5 மணிக்கே போட்டுவிடுங்கள். மற்றது உயரம். ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 96 பாகையில் கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகைதான். கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் சூடு குறைவு, அதனால் கடலையும் பருப்பும் கீழ்நாட்டைவிட நேரமெடுக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தோல் கழன்று வால்வை அடைக்கும். தேசிக்காய்ப் புளியைக் கடலை நன்றாக அவிந்த பிறகே விடுங்கள், முந்தி விட்டால் இறுகிக்கொள்ளும்.

மாதச் சாப்பாட்டுக்கு: அரிசி 11 கிலோ, மைசூர்ப் பருப்பு 3 கிலோ, கோழி 12 கிலோ, உருளைக்கிழங்கு 6 கிலோ, கோவா (முட்டைக்கோஸ்) அல்லது லீக்ஸ் 5 கிலோ, தேங்காய் 12. அரிசியை ஒரே அண்டாவில் போடாதீர்கள். 11 கிலோவும் ஒன்றாக வேகும்போது அடி பிடிக்கும், மேல் பகுதி நறுக்கரிசியாக நிற்கும். ஐந்தரை கிலோ வீதம் இரண்டு பாத்திரம் என்றால் சோறு ஒரே பதமாக வரும். பருப்பை முதலில் அடுப்பில் ஏற்றுங்கள்.

மிஞ்சிய சோற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மலைக் குளிர் நம்மை ஏமாற்றும். வெளியே கை விறைத்தாலும் மூடிய அண்டாவின் நடுவில் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி வளர்வது அந்த நடுவில்தான். அது விடும் நச்சில் ஒருவகை திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆக்கியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடியுங்கள். பார்சல் கட்டுவதானால் அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கிய பிறகு கட்டி, அன்று மதியமே கொடுத்துவிடுங்கள். சுடச்சுட லன்ச் ஷீட்டில் சுற்றினால் உள்ளே வியர்த்து மாலைக்குள் புளிக்கும். தேங்காய்ச் சம்பலைப் பார்சலில் வைக்கவே வேண்டாம்.

விறகு அடுப்பு என்றால் காய்ந்த டர்பன்டைன் மர விறகு நன்றாக நின்று எரியும். கதவு, ஜன்னலை மழைக்காகச் சாத்திவிட்டுச் சமைக்காதீர்கள். புகை மட்டும் பிரச்சினை இல்லை, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் சேரும்.

தலவாக்கலை பொருளாளர்

செலவுக்கு முறை போடாதீர்கள். "இந்த ஞாயிறு இன்ன வீட்டார் தேத்தண்ணி" என்று அட்டவணை ஒட்டிய சபைகளில் நடப்பது இதுதான்: கையில் காசில்லாத குடும்பம் தன் முறை வரும் ஞாயிறில் ஆராதனைக்கே வராது. ஒருவரிடமும் காரணம் சொல்லாது. இரண்டு முறை அப்படி நின்றால் பிறகு வருவதற்கே கூச்சப்படும். உபசரிக்க என்று தொடங்கியது ஒரு வீட்டைச் சபையிலிருந்து வெளியே அனுப்பிவிடும்.

பொருள் சபைப் பணத்தில் வரட்டும், உழைப்பு மட்டும் முறையில் வரட்டும். வாசலருகே ஒரு உண்டியல் வையுங்கள். போட்டவர் பெயரும் தொகையும் மேடையில் வாசிக்கப்படக் கூடாது. பிறந்தநாள், நினைவுநாளுக்கு ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்றால் வாங்குங்கள், ஆனால் அந்த ஞாயிறுக்காக விசேஷமாக எதையும் கூட்டாதீர்கள். ஒரு வாரம் கேக்கும் கட்லட்டும், அடுத்த வாரம் கடலையும் என்றால் கடலை கொடுத்தவர்களுக்குத் தலைகுனிவு. மொத்த வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையில் ஒட்டினால் போதும்.

கைப்பிடி அரிசி வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். சோறு ஆக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைப்பது. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம், மாதத்துக்கு 1 கிலோவுக்கு மேல் சேரும். பத்து வீடு செய்தால் உங்கள் 11 கிலோ தயார். எந்த வீட்டுக்கும் கனக்காது, எந்த வீடு எவ்வளவு என்றும் தெரியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு: நாடு, சம்பா, பச்சை அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். மூன்று வாளி வைத்துப் பெயர் ஒட்டிவிடுங்கள். கலந்துவிட்டதைக் கஞ்சிக்கு எடுக்கலாம். மாதக் கடைசியில் வாளி காலியாக வேண்டும், கிடந்தால் வண்டு பிடிக்கும்.

விருந்தை மாதத்தின் இரண்டாம் ஞாயிறுக்கு வைப்பது நல்லது. சம்பளம் பத்தாம் திகதி வாக்கில் வருவதால் உண்டியலும் அப்போதுதான் நிறையும். மாதக் கடைசி ஞாயிறில் பிளேன்டீயும் கடலையும் போதும்.

உழைப்புக்குக் குழுக்கள் போடும்போது மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டப் பிரிவுப்படியோ, லயம் (தொழிலாளரின் வரிசை வீடு) லயமாகவோ பிரிக்காதீர்கள். பார்க்கச் சுலபம்தான். ஆனால் பல தோட்டங்களில் லயங்களே சொந்தபந்தமாகவும் சாதியாகவும் அமைந்தவை. இன்ன குழு சமைக்கும் ஞாயிறில் இன்னார் சாப்பிடாமல் "அவசரம்" என்று கிளம்பிவிடுவார்கள். சீட்டுக் குலுக்கி ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்கள் கட்டாயம். தண்ணீர் சுமப்பதும் அண்டா கழுவுவதும் அவர்கள் வேலை. கிழமை முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு ஞாயிறில் துணி துவைக்க, விறகு பொறுக்க இருக்கும் பெண்களின் தலையிலேயே உபசரணை முழுவதையும் வைப்பது நியாயமில்லை.

கோப்பை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உத்தியோகத்தருக்குப் பீங்கான், தொழிலாளிக்குப் பிளாஸ்டிக் என்று இன்றும் சில இடங்களில் நடக்கிறது. மலையகத்தின் பழைய ஆலயங்களில் பல வெள்ளைக்காரத் துரைமாருக்காகக் கட்டப்பட்டவை. உங்கள் பக்கத்து வார்லி ஆலயம் 1878இல் எழுந்தது. கட்டடம் நம் கைக்கு வந்த பிறகும் இருக்கை வரிசையில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தி வருகிறவனுக்குக் காலடி என்பதை யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் நேரடியாகவே கண்டிக்கிறது. 100 எவர்சில்வர் டம்ளர் ஒரே மாதிரி வாங்குங்கள். உடையாது, அடுத்தவர் கையில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்.

நுவரெலியா வாசற்காவல்

வாசல் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பை பார்ப்பது நம் சபைகளுக்கும் வந்தது. கிறிஸ்மஸ், உயிர்ப்பு ஞாயிறு நாட்களில் அதை விட்டுவிட முடியாது. பிழை எங்கே என்றால், பை பார்க்கிறவரிடமே வரவேற்கும் வேலையையும் கொடுப்பது. ஒருவரால் ஒரே நேரத்தில் சந்தேகப்படவும் சந்தோஷப்படவும் முடியாது.

இரண்டு பேர் வேண்டும், இரண்டு இடமும் வேண்டும். கேற்றில் ஒரு மேசை, மேலே தகரக் கூரை. மழையில் நனைந்துகொண்டு பையைத் திறப்பது யாருக்கும் மரியாதையாக இருக்காது. பெண்களின் பையைப் பெண் பார்க்க வேண்டும். எல்லாருடைய பையையும் பார்க்க வேண்டும், மூப்பருடையதும் சேர்த்து. புதியவருடையதை மட்டும் பார்த்தால் அவர் திரும்ப வரமாட்டார். அங்கிருந்து பத்தடி தள்ளி, ஆலயக் கதவருகே மற்றவர் நிற்கட்டும். குடை வைக்க ஒரு வாளி, பாட்டுப் புத்தகம், "வாங்க" என்ற வார்த்தை. அவ்வளவுதான்.

"எந்தத் தோட்டம், யார் வீடு" என்று கேட்காதீர்கள். நாம் பாசமாகக் கேட்பதாக நினைப்போம், தோட்டத்தில் வளர்ந்தவர் காதில் அது சாதி விசாரிப்பதாக விழும். "முதல் தடவையா?" என்பதும் சங்கடம், ஆறு மாதமாக வருகிறவராகவும் இருக்கலாம். "உங்களோட பக்கத்துல இருக்கலாமா?" என்று கேட்டு உட்காருங்கள். பாட்டு எண் வரும்போது பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வதை அடியோடு நிறுத்துங்கள்.

சிங்களம் பேசும் மருமகளுக்கு முழு ஆராதனையையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அன்றைய பாட்டுகளைச் சிங்கள எழுத்தில் ஒலிபெயர்த்து ஒரு தாள், வேதபாடத்தின் அதிகாரம் வசன எண் தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள வேதாகமம் இரண்டு வாங்கி வைத்தால் அவரே எடுத்துப் படிப்பார். தேத்தண்ணி நேரத்தில் சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவர் அவரோடு நிற்க வேண்டும். வாரம் ஒரு ஆள் மாறுவதைவிட ஒரே ஆள் நிற்பது நல்லது.

அனுமதி கேட்காமல் புதியவரைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். இந்துக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்திருந்தால் அந்த ஒரு படம் அவள் வீட்டில் பெரிய சண்டையாகிவிடும்.

பதுளை அன்பியம்

நாங்கள் கத்தோலிக்கர், அமைப்பு வேறு, என்றாலும் மூப்பர்கள் சொல்லும் "வீட்டில் செய்யட்டும்" என்பதில் பாதி சரி என்பது என் எண்ணம். ஆலய முற்றத்தில் 80 பேர் சேர்ந்து குடிக்கும் தேத்தண்ணியில் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார். எட்டுப் பேர் உட்கார்ந்த வீட்டில் சொல்வார். அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் சிறு ஜெபக்கூட்டம்) மாதம் ஒரு வீடு என்று போவது அதற்காகத்தான்.

ஆனால் லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் வீட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டிவரும். அதனால் பன்னிரண்டு பேருக்கு ஒரு கூட்டம் என்று பிரிப்பது முதல் விதி. அடுத்தது, பிளேன்டீயும் ஒரு தின்பண்டமும், அதற்கு மேல் இல்லை. இதை எழுதியே வையுங்கள். எழுதாவிட்டால் முதல் வீட்டில் ரொட்டியும் சம்பலும், இரண்டாம் வீட்டில் ரோல்ஸ், மூன்றாம் வீட்டில் புரியாணி என்று போய், நாலாம் வீடு கடன் வாங்கும். வீட்டுக்காரர் இடமும் சுடுதண்ணியும் கொடுக்கட்டும், தேயிலை, சீனி, பண்டம் மூன்றையும் வருகிறவர்கள் கொண்டுவரட்டும். நோயாளி இருக்கும் வீட்டில் சுடுதண்ணியையும் பிளாஸ்கில் கொண்டு போங்கள்.

மாலை 6 மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியுங்கள். விடியுமுன்னே எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) ஓடும் வீடுகள் அவை. மைக் வேண்டாம். லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாத வீடுகள் இன்னும் உண்டு, அடுத்த காம்பராவில் படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்திடம் முதல்நாளே சொல்லிவிட்டு, தேத்தண்ணியில் ஒரு கேட்லியை அவர்கள் வீட்டுக்கும் அனுப்புங்கள்.

டிக்கோயா செயலாளர்

மிகவும் நன்றி. ஒரே மாதிரி டம்ளர், உழைப்புக்கு மட்டும் சீட்டுக் குலுக்கல் இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். இந்து உறவினர் பற்றிய கேள்விக்குத்தான் இன்னும் யாரும் வரவில்லை. எங்கள் சபையில் பாதி வீடுகளில் மாமன், மச்சான், சம்பந்தி இந்துக்கள். தீபாவளிப் பலகாரம் வாங்கலாமா, கோயில் திருவிழாப் பிரசாதத்தை என்ன செய்வது என்று கேட்டால் ஐயர் ஒன்று சொல்கிறார், புதிதாக வந்த ஜெபக்குழுவினர் வேறொன்று சொல்கிறார்கள்.

பண்டாரவளை உபதேசியார்

இந்தக் கேள்வி கொரிந்து சபைக்கே வந்தது, பவுல் அதை ஒரே வரியில் முடிக்கவில்லை. முதலாம் கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஐயரோடும் ஜெபக்குழுவினரோடும் ஒன்றாக உட்கார்ந்து வாசியுங்கள். விசுவாசியாக இராத ஒருவர் விருந்துக்கு அழைத்து, நீங்களும் போக விரும்பினால், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்க்கச் சொல்கிறார். அதாவது சட்டியில் இருப்பதைவிட எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கச் சொல்கிறார்.

நடைமுறையில் தீபாவளிக்கு மச்சான் வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும் உறவுக்காக வருவது. இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிடலாம் என்பதே பெரும்பாலான சபைகளின் நிலை. படைத்த பிரசாதம் என்று சொல்லியே தரப்பட்டால், விரும்பாதவர் முகம் சுளிக்காமல் "எங்க வழக்கத்துல எடுக்கிறதில்ல, ஒரு தேத்தண்ணி மட்டும் தாங்க" என்று சொல்லலாம். தட்டைத் தட்டிவிடுவதும், வாங்கிக்கொண்டுபோய் வழியில் எறிவதும் எந்தப் போதனையிலும் இல்லை. இன்னொரு வீட்டின் முடிவைச் சபை மேடையில் பிரசங்கமாக்குவதும் வேண்டாம். கிறிஸ்மஸ் கேக்கை அவர்கள் மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் விருந்துக்கு அவர்கள் வரும்போது மாட்டிறைச்சி வேண்டாம். மரக்கறியை முதலில் சமைத்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு கோழியைத் தொடுங்கள். அகப்பை வேறு, மேசை வேறு. பருப்பில் மாசி (மாசிக் கருவாடு) போட்டால் அது மரக்கறி இல்லை, சமைக்கிறவர்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்த வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகையில் கந்தசஷ்டியும் சபரிமலைக்கு மாலை போடும் காலமும் வரும், அந்த மாதங்களில் மரக்கறிப் பங்கைப் பாதியாக உயர்த்துங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதானால் கோழியை ஹலால் கடையில் வாங்கி, வாங்கிய கடையைச் சொல்லிவிடுங்கள்.

திருவிருந்து வேறு விஷயம், அதற்கு ஒவ்வொரு திருச்சபைக்கும் ஒழுங்கு உண்டு. யார் பங்குபெறலாம் என்பதை ஐயர் ஆரம்பத்திலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், வரிசையில் வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பும் அவமானம் நேராது. பங்குபெறாதவர் கைகட்டி வந்தால் ஆசீர்வாத ஜெபம் செய்யும் வழக்கமும் பல சபைகளில் இருக்கிறது, உங்கள் ஐயரிடம் கேளுங்கள்.

"சபையின் வேலை இல்லை" என்கிற மூப்பர்களிடம் மலையகச் சபை வந்த வழியை நினைவுபடுத்துங்கள். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டங்களில் தொடங்கியபோது உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போய் ஊழியம் செய்தார்கள். பெரும்பாலான தோட்டங்களில் அன்று ஆலயம் கிடையாது, சனங்கள் இருந்த இடமே சபை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, அடுத்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். மலையகச் சபைகள் பலவற்றில் பதிவேடுகள் சுருங்கியது அப்போதுதான். எஞ்சிய சபைகள் ஆலயத்தை மட்டும் காத்துக்கொண்டிருந்திருந்தால் கட்டடம்தான் மிஞ்சியிருக்கும். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதால்தான் சனங்கள் சேர்ந்தே இருந்தார்கள். இன்று பிள்ளைகளைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோருக்கு அந்தத் தேவை குறையவில்லை.

மஸ்கெலியா சமையற்கட்டு

இன்னும் இரண்டு விஷயம், பிறகு முடிக்கிறேன்.

கிறிஸ்மஸுக்குக் கொழும்பிலிருந்து வரும் வாலிபர்களை மேடை அலங்காரத்தோடு விட்டுவிடாதீர்கள். ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் அவர்களுக்குள் கட்டாயம் இருப்பார்கள். நூறு பேருக்குச் சமைப்பது, சோற்றைச் சூடு குறையாமல் வைப்பது, பச்சை இறைச்சி வெட்டிய பலகையைத் தனியே வைப்பது எல்லாம் அவர்களுக்குத் தொழில். டிசம்பர் விருந்தை அவர்கள் கையில் கொடுத்து, நிரந்தரக் குழுவினரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து காசு மட்டும் அனுப்புகிறவர்களாக இருந்தவர்களுக்குச் சபையில் ஒரு வேலை கிடைக்கும்.

மற்றது, ஆலயத்துக்கு வர முடியாதவர்கள். படுக்கையில் இருப்பவர் யார் யார் என்று பட்டியல் எடுத்து, தேத்தண்ணி ஊற்றத் தொடங்குமுன் அவர்கள் பங்கைப் பிளாஸ்கில் எடுத்து வையுங்கள். கடைசியில் மிஞ்சியதை அனுப்பக் கூடாது. 1 லீட்டர் பிளாஸ்கில் ஆறு டம்ளர் வரும், நோயாளிக்கும் வீட்டாருக்கும் கொண்டுபோகிற இருவருக்கும் போதும். பிளாஸ்கை முதலில் கொதிநீரால் அலசிச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் மேல்லயத்துக்கு ஏறுவதற்குள் ஆறிவிடும். பால் தேத்தண்ணியைப் பிளாஸ்கில் நெடுநேரம் வைத்தால் வாடை மாறும், அதனால் பிளேன்டீயைக் கொண்டுபோய்ப் பால்மாவை அங்கே கரைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்துவிட்டு வர வேண்டும், வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. வெறும் பிளாஸ்கை அன்றே வாங்கி வந்து கழுவி, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். மூடி வைத்தால் அடுத்த ஞாயிறில் நாறும்.